மூச்சு வாங்கும் இடம்

எங்கள் ஆலயத்தில் ஆர்கன் கிடையாது.
லூயிஸ் தீவின் மேற்குக் கரை,
உப்புப் படிந்த ஜன்னல்கள்,
ஒரு பாரஃபின் ஹீட்டர்,
ஈரக் கோட்டு வாடையோடு முப்பத்தொரு பேர்.
போன வருஷம் முப்பத்துநான்கு.

ரூரி முன்னால் நின்று
சங்கீதத்தின் வரியைத் தனியாய்த் தருவார்.
நாங்கள் அதை வாங்கி
அவரவர் போக்கில் இழுப்போம், வளைப்போம்,
ஒருவர் முடிக்குமுன் இன்னொருவர் ஏறிக்கொள்வோம்.
கோடையில் வந்த ஒரு சுற்றுலாக்காரர்
அலை மாதிரி இருக்கிறது என்றார்.
அலையாவது ஒன்றாய் விழும்.

யாரும் சொல்லித் தராத ஒரு தந்திரம் உண்டு இதில்:
பக்கத்து ஆள் மூச்சு வாங்கும் இடத்தில்
நீ வாங்கக் கூடாது.
அவ்வளவுதான்.
வரி அறுவதில்லை.

என் பக்கத்து ஆள் டோர்மட்.
நாலு வருஷமாய்ப் பேச்சில்லை.
அவன் கடா என் வேலியைத் தாண்டியதில்
அந்த வருஷத்துக் குட்டிகள் எல்லாம் கோணல் மூஞ்சி.
வக்கீல் கடிதம்வரை போயிற்று.
இடம் மாறி உட்கார்ந்தால்
சபைக்குத் தெரிந்துவிடுமே என்று அவனும் மாறவில்லை,
நானும் மாறவில்லை.
சபைக்கு எல்லாம் தெரியும்.

நவம்பரில்,
தம்பி அலஸ்டரை அடக்கம் செய்த மறு ஞாயிறு,
ரூரி முதல் வரியைத் தந்தார்.
இரண்டாவதில் தொண்டை அடைத்துக்கொண்டது.
நின்றார்.
ஹீட்டர் டிக் டிக்கென்றது.
நெஞ்சு நிறைய இழுத்த காற்றோடு
முப்பது பேர், விட வழியில்லாமல்.

டோர்மட்தான் எடுத்தான்.
ஜென்மத்தில் வரி தந்தவனில்லை.
கொட்டிலில் மாட்டை அதட்டுகிற குரல்,
சுருதி பாதாளத்தில்.

ஒளிப்பானேன்:
வாயை மூடிக்கொண்டு இருக்கலாமா என்று
ஒரு கணம் பார்த்தேன்.
யாரும் வாங்காத வரி
ஓர் அறையில் ஒரு ஆள் போடும் கூச்சல், வேறென்ன.
நாலு வருஷத்தில் முதல்முறையாய்
அவன் என் கையில்.

வாங்கிக்கொண்டேன்.
பின்னால் கிரிஷ்டீன், அப்புறம் பையன்கள்,
அப்புறம் கூரைத் தகரம்கூட.

மூன்றாம் வரியின் நீட்டலில்
அவனுக்கு இரைப்பு வந்தது.
எங்கே வருமென்று எனக்குத் தெரியும்,
அவன் மனைவிக்குத் தெரிவதைவிட.
அங்கே நான் தாங்கினேன்.
திரும்பி வந்தான்.
அடுத்த திருப்பத்தில் என் குரல் உடைந்தபோது
அவன் நிற்கவில்லை.

ரூரி உட்கார்ந்துவிட்டார், வாய் திறக்காமல்.
அன்றைக்கு அவரிடம் விசுவாசம் ஒரு பிடியும் இல்லை,
பிற்பாடு அவரே சொன்னார்.
எங்களிடம் இருந்ததில் எடுத்துக்கொண்டார்.
கணக்கு எழுதவில்லை யாரும்.
என் மகன் போன வருஷம் நான் எடுத்துக்கொண்டது
யாருடையது என்று
இன்றுவரை எனக்கே தெரியாது.

வாசலில் மழை.
காலரைத் தூக்கிவிட்டபடி டோர்மட்,
"ரெண்டாவது வரியில் முந்திக்கொண்டாய்" என்றான்.
"நீ தாழ எடுத்தாய்" என்றேன்.
இருவரும் வேறு வேறு பக்கம் நடந்தோம்.

செவ்வாயன்று கடா மறுபடி தாண்டியது.
வக்கீலுக்கு எழுதவில்லை.
வேலியோரம் போய் நின்று
டோர்மட் என்று
பேர் சொல்லிக் கத்தினேன்,
முழு மூச்சோடு.