விதி ஒன்பதுக்கு என் ஆட்சேபணை

ஐயா,
அறுபது நாளுக்குள் எழுதச் சொல்லியிருந்தீர்கள்.
இன்று ஐம்பத்தெட்டு.
குழித்துறையில் மழை. கரண்ட் போய் மூன்று மணி நேரம்.
நான் எழுத வந்த விஷயம்
இன்வெர்ட்டர் மேல் படுத்திருக்கிறது,
மூக்கு முதல் வால் நுனி வரை நாலடி.
இந்த மாதத்தில் அவளுக்கு
அதைவிட்டால் வேறு வெயில் கிடையாது.

இகுவானா என்று உங்கள் வரைவில் இருக்கிறது.
பக்கத்து வீட்டு மேபல் ஓணான் என்கிறாள்.
பால்காரர் உடும்பு என்கிறார், அதுவும் குரலைத் தாழ்த்தி,
"கொடுப்பியளா?" என்று.
நான் செலின் என்று கூப்பிடுகிறேன்.
கூப்பிட்டால் வரமாட்டாள்.
செம்பருத்தியைக் காட்டினால் வருவாள்.

மாநில எல்லை கடக்கும் ஒவ்வோர் அயல்நாட்டு உயிருக்கும்
முப்பது நாள் முன்பே விண்ணப்பம்,
மருத்துவர் சான்று, வண்டி எண்,
பயணத்தின் நோக்கம்.
நாலு தடவை வாசித்துவிட்டேன்.

ஐயா, எங்கள் எல்லை
நீங்கள் நினைக்கிற எல்லை இல்லை.
களியக்காவிளை இங்கிருந்து ஏழு கிலோமீட்டர்.
அடுப்பில் அரிசி போட்டுவிட்டுப் போய் வரலாம்.
பாதி சொந்தம் அந்தப் பக்கம்,
கல்யாணம் அங்கே என்றால் மறுவீடு இங்கே.
பல்லி வகையின் வயிற்றைத் திறக்கத் தெரிந்த டாக்டர்
அந்தப் பக்கம் முப்பதே கிலோமீட்டரில்.
இந்தப் பக்கம் என்றால் மதுரை, இருநூற்றைம்பது.
நம்மூர் மாட்டு டாக்டர் நல்ல மனுஷன்,
செலினைப் பார்த்ததும்
நாற்காலியைவிட்டு எழுந்து நின்றார்.
அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

போன ஆடியில் அவளுக்கு முட்டை தங்கிவிட்டது.
மண் என்று நினைத்து
மூன்று நாள் சிமெண்ட் தரையைத் தோண்டினாள்.
நகம் பிய்ந்து தரையெல்லாம் கோடு கோடாக ரத்தம்.
நாலாம் நாள் தோண்டவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.
துணிக்கூடையில் வைத்து, மேலே என் நைட்டியைப் போர்த்தி,
ஜெறினின் ஆட்டோவில் ராத்திரி பதினொன்றுக்குப் புறப்பட்டோம்.
செக்போஸ்ட்டில் டார்ச் உள்ளே வந்தது.
"கடிக்குமா?"
"இல்லை சார், பிரசவம்."
கையை அசைத்துவிட்டார்.
எங்களுக்கு முன்னால் ஒரு கோழி லாரி நின்றது.
கம்பிக்கு வெளியே தொங்கிய தலைகளை
யாரும் எண்ணவில்லை.

முப்பது நாள் முன்பே அவள் என்னிடம் சொல்லியிருந்தால்
நானும் உங்களிடம் சொல்லியிருப்பேன்.

இனி எழுதப்போவதை
எழுதாமல் விட்டால் எனக்கு நல்லது.
செலின் இந்த வீட்டுக்கு வந்தது
பஸ்ஸில், ஒரு காலுறைக்குள்.
கொண்டுவந்தவர் பெயரை எழுதி அடித்துவிட்டேன்,
வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதீர்கள், என் நாத்தனாரின் வீட்டுக்காரர்.
சென்னையிலிருந்து பன்னிரண்டு மணி நேரம்,
விரல் நீளக் குட்டி, வாயில் முடிச்சு.
காலுறைகள் இரண்டு ஐயா.
ஜோடியாகத்தானே விற்பார்கள்.
ஒன்றை அவிழ்த்தபோது இவள் கண்ணை உருட்டிப் பார்த்தாள்.
மற்றதை நான்தான் அவிழ்த்தேன்.
முருங்கை மூட்டில் குழி தோண்டினேன்.
அவரோ, "பரவாயில்ல, ஒண்ணு வந்துதே" என்றார்.

உங்கள் விதி
அந்த இரண்டாவது காலுறைக்காக என்றால்
இதே பேனாவால் கையெழுத்துப் போடுகிறேன்.
என் மேல் வழக்கும் போடுங்கள்.
ஆனால் துணிக்கூடைக்கும் காலுறைக்கும்
ஒரே படிவம் வைத்திருக்கிறீர்கள்.
ராத்திரி பதினொரு மணிக்கென்று
அதில் ஒரு வரியாவது சேருங்கள்.

கடைசியாக ஒரு சந்தேகம்.
எண்ணிக்கை என்ற கட்டம் ஒரு விரல் அகலம்தான் இருக்கிறது.
போகும்போது ஒன்று.
திரும்பும்போது, தையலோடு, ஒன்று.
கூடவே டாக்டர் ஊறுகாய் பாட்டிலில் போட்டுத் தந்த
முப்பத்தொரு முட்டை, கரு இல்லாதவை.
மடியில் வைத்துத்தான் வந்தேன்,
பாறசாலை தாண்டும்வரை சூடாகவே இருந்தது.
அவற்றை எந்தப் பக்கத்து உயிர் என்று எழுத வேண்டும்?

இப்படிக்கு,
விஜிலா,
ஆய்வக உதவியாளர்.

கரண்ட் வந்துவிட்டது.
அவள் இறங்கவில்லை.