காய்கறித் தட்டில் குளிர்காலம்

தீபாவளி லீவில் வந்தவர்
ஒரு காலுறையைக் கவிழ்த்து உதறினார்.
ஏழு கிழங்குகள்.
சின்ன வெங்காயத்துக்குப் பெரியவை,
பல்லாரிக்குச் சிறியவை.
"நர்கிஸ்" என்றார்.
"பாரமுல்லாவுல வேலியோரம் தானா வரும்.
நாங்க ரோந்து போற வழியெல்லாம் மிதிபடும்.
இங்கேன்னா பத்து வாரம் பனி காட்டணும்."

புதுவயலில் பனிக்கு எங்கே போவது?
இங்கே வானத்திலிருந்து இறங்குவது
அரிசி ஆலைத் தவிட்டுத் தூசி ஒன்றுதான்.

ஃப்ரிட்ஜில், முருங்கைக்காய்க்குக் கீழே,
செய்தித்தாளில் சுற்றி வைத்தேன்.
மேலே கொட்டை எழுத்தில்
சமைக்காதே, விஷம்.
மாமனார் அதைப் படித்த அன்று
என் குழம்பைத் தொடவில்லை.

பன்னிரண்டாம் தேதி மின்தடை,
காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை.
மீன் வண்டி இருளாண்டியிடம் ஐஸ் வாங்கி
தூக்குவாளிக்குள் ஏழையும் இறக்கினேன்.
"பிள்ளைக்குக் காய்ச்சலாம்மா?"
"இல்லண்ணே, குளிர்காலம் நடக்குது."
அவர் ஒரு கை ஐஸ் கூடுதலாகப் போட்டார்.
ஒரு வாரம் சங்கரா வாடை.

மார்கழிக் கடைசியில் நட்டேன்,
செம்மண்ணில் ஆற்றுமணல் கலந்து,
துவைகல்லின் வடக்கு நிழலில்.
இரண்டு அழுகின.
ஒன்றைப் பெருச்சாளி கிளறிப்போட்டது, தின்னவில்லை;
அதற்கும் படிக்கத் தெரியும்போல.
மூன்று வெறும் இலை,
பூண்டுத்தாள் கணக்காய்.

ஏழாவது,
மாசி பிறந்த காலையில்
தலையைச் சாய்த்து நின்றது.
ஒரே தண்டில் நாலு பூ.
வெள்ளை இதழ்களுக்கு நடுவே
சட்டைப் பொத்தான் அளவு மஞ்சள் கிண்ணம்.

பக்கத்து வீட்டு மைமூனா "அத்தர்" என்றாள்.
மகன் "ஆஸ்பத்திரி" என்றான்.
மாமனார் குனிந்து, நிமிர்ந்து, "நாற்றம்" என்றார்,
எந்தக் காலத்து அர்த்தத்தில் என்று
சொல்லாமலே போய்விட்டார்.

மல்லிகையை நினைத்துக்கொண்டு முகர்ந்த எனக்கு
முதலில் ஏமாற்றம்.

இரவு குழாயடியில் பாத்திரம் தேய்க்கும்போது
காற்று திரும்பியது.
கை நின்றது.
இதை எனக்குத் தெரியும்.
மூன்று வருஷமாய், பங்குனி லீவுதோறும்,
அவருடைய கால்சட்டை விளிம்பில் வந்தது இது.
கேன்டீன் சோப்பு என்று எண்ணி
நானே
ஊறவைத்து, அடித்து,
இரண்டு தண்ணீரில் அலசி
சாக்கடையில் விட்டது.

வாடிய பூவைத் தண்டோடு கிள்ளினேன்.
இலையை விட்டுவிட்டேன்.
மஞ்சளாகும்வரை தொடக்கூடாதாம்,
அடுத்த வருஷத்துச் சாப்பாடு அதில்தான்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார்.
"பூத்துச்சா?"
"நாலு."
"மணம்?"
"இந்தத் தடவை
கால்சட்டையைத் துவைக்காமக் கொண்டாங்க."
"எதுக்கு?"
மாவு பொங்குகிறது என்று சொல்லி
வைத்துவிட்டேன்.