நிகர எடை

லோரியில் செம்பனைக் குலைகளை இறுக்கும்
அதே ராட்செட், அதே ஐந்து செண்டிமீட்டர் பட்டை.
சர்குணன் கழற்றிக்கொண்டு வந்தான்.
"கடையில வாங்கினா முந்நூறு வெள்ளி" என்றான்.
எங்கள் ஆராய்ச்சி அதோடு முடிந்தது.

செம்பனையில் கட்ட முடியாது,
மட்டை வெட்டிய தழும்பு பட்டையை அறுக்கும்.
ஆலைக்குப் பின்னால்
யாரோ வெட்ட மறந்த இரண்டு பால்மரங்கள்.
இடுப்பில் கோணிச்சாக்கைச் சுற்றி
முழங்கால் உயரத்தில் இழுத்தோம்.
ராட்செட் ஒவ்வொரு பல்லாய் ஏற
மரம் முனகியது.
சாக்கு கொஞ்சம் பால் குடித்தது.

கால் வைத்ததும் பட்டை உதறியது.
"காத்து" என்றேன்.
மரவள்ளிச் சிப்ஸ் மென்றபடி லோகேஷினி:
"பட்டை சும்மாதான் இருக்கு.
ஆடுறது உன் தொடை."

பாதம் பட்டையோடு நீளவாக்கில்.
முழங்கால் சற்று மடங்கி.
கைகள் தோளுக்கு மேலே,
ஈரத்துணி காயப்போட்டதுபோல் மணிக்கட்டு தொங்கி.
கண் மட்டும் காலுக்கு வரக்கூடாது,
அது எதிர்மரத்து ராட்செட்டிலேயே இருக்கட்டும்.
மூச்சை விடு.
விடு என்றால் விடு.

வேலையில் நான் எடைமேடை.
லோரி ஏறும். எண் நடுங்கும்.
பதினெட்டாயிரத்து எண்ணூற்று நாற்பது, அறுபது, முப்பது.
அடங்கும்வரை அச்சுப் பொத்தானைத் தொடக்கூடாது.
மொத்தத்தில் வெறும் லோரியைக் கழித்தால்
மிச்சம் பழம்.
ஆறு வருஷமாக இந்த ஒரே கழித்தல்.

எட்டு மாதம் கழித்து
ஈப்போவிலிருந்து ச்சோங் வந்தான், துளைக்கருவியோடு.
சுங்கை சிப்புட்டுக்கு வெளியே
சுண்ணாம்புக் குன்றுகள் இரண்டு,
நடுவே நாற்பது மீட்டர் காற்று.
பாறைக்கு மூன்று மூன்று ஆணி,
சுமை மூன்றுக்கும் சமமாய்ப் பிரியும்படி வார்.
கூரான விளிம்பில் பழைய தீயணைப்புக் குழாய்.
முதல் பட்டைக்கு அடியில் இன்னொரு பட்டை
தொய்வாக, டேப் ஒட்டி,
மேலது அறுந்தால் வேலைக்கு வர.
"ஒரு முறுக்கு விட்டுக் கட்டு" என்றான் மலாயில்,
"இல்லாவிட்டால் காற்றில் ராத்திரி முழுக்க ஊளையிடும்."

என் எடை கேட்டான். ஐம்பத்து நாலு.
செம்மண்ணில் குச்சியால் கோடு கிழித்தான்.
நடுவில் ஒரு மீட்டர் தொய்வு என்றால்
ஒவ்வொரு பாறையும் தாங்க வேண்டியது
ஐந்நூற்று நாற்பது.
இன்னும் இறுக்கினால் இன்னும் அதிகம்.
நடப்பவள் ஒருத்தி,
இழுபடுவது பத்துப் பேர்.
எந்தக் கழித்தலிலும் சிக்காத இந்த ஒன்பது பேரை
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லோகேஷினி என் இடுப்பைத் தொட்டுத் தொட்டு
பற்றுச்சீட்டுபோல் உரக்கப் படித்தாள்:
எட்டு முடிச்சு. வால் நீளம் சரி.
வளையம் ரெண்டு. வார் கொக்கி பூட்டியாச்சு.
மறுபடியும் முதலிலிருந்து.

உட்கார்ந்தபடியே நகர்ந்தேன்.
கீழே தீப்பெட்டி அளவில் என் எடைமேடை.
ஒரு குதிகாலைப் பட்டைமேல் இழுத்து வைத்து,
மறுகாலைத் தொங்கவிட்டு,
எழுந்தேன்.

விழும்போது பட்டையைப் பிடிக்காதே என்று
ஆயிரம் தடவை சொல்லியிருந்தார்கள்.
பிடித்தேன்.
உள்ளங்கைத் தோல் பட்டையோடு போனது.
இடுப்புக்கயிறு ஒரு வெட்டு வெட்டி நிறுத்த,
நான் கத்திய கெட்ட வார்த்தையை
எதிர்க்குன்று அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொன்னது.
அந்தப் பக்கம் நின்ற சர்குணன் காதைப் பொத்திக்கொண்டான்.

தலைகீழாய் முழங்காலைக் கொக்கியாக்கி
மூன்றாவது முயற்சியில் மேலே வந்தேன்.
அப்புறம் நான்கரை அடி நடந்தேன்.
அந்த அரை எது என்பதில்
சர்குணனுக்கும் எனக்கும் இன்னும் வழக்கு.

திங்கட்கிழமை காலை.
கட்டுப்போட்ட கையைப் பார்த்து
லோரி ஓட்டும் ரோஸ்லி, "மோட்டார்ல விழுந்தியா?"
விழுந்தேன் என்றேன்.
எதிலிருந்து என்று அவரும் கேட்கவில்லை.
பின்னால் ஏழு லோரி, ஹாரன்.
எண் இன்னும் நடுங்குகிறது.
தோளைத் தளர்த்தி
எதிர்ச்சுவர் நாட்காட்டியில் கண்ணை வைத்தேன்.