நாலாவது பேரு

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே
மாடிப்படிக்குக் கீழே என் கடை.
ஒரு கணினி, இருமுகிற ஒரு போட்டோகொப்பி மெசின்.
விசைக்கு மூன்று எழுத்து:
ஆங்கிலம் அச்சிலேயே வந்தது,
சிங்களமும் தமிழும் நான் ஒட்டியவை.
மழைக்காலத்தில் தமிழ் முதலில் உரியும்.
மலிவுப் பசை, வேறு காரணம் தேடாதீர்கள்.

அழகாயி அக்கா வந்தது சேமலாப நிதிக் கடிதத்துக்கு.
பிறப்புச் சான்றிதழில் அழகாயி.
தோட்டக் கந்தோரின் சிங்களத்தில் அலகாயி;
அங்கே ழகரம் இல்லை, யாரைக் குறை சொல்ல.
ஆங்கிலத்தில் கொழும்புக்குப் போய்
தமிழாகத் திரும்பியபோது
அலகை.

'அப்டினா?'
பேய் என்றேன், பழைய தமிழில்.
ஈரக் குடையை மடக்கியபடி யோசித்தார்.
'அப்ப முப்பத்தோரு வருசம்
கொழுந்து எடுத்தது அதுதானா?
எனக்கு அரைப்பேர் போட்ட நாளெல்லாம்
மிச்ச அரை அதுக்கா?'

மேற்படி மூவரும் ஒருவரே என்று
அடிக்கிறேன்.
ஒரே வரிக்குள் மூன்று தரம் மொழி மாற்ற வேண்டும்.
இரண்டாம் தரம் மறந்துபோனேன்.
தமிழை நினைத்து விரல் ஓட
திரையில் சிங்கள எழுத்தில்
எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஒரு சொல்.

அடையாள அட்டையைக் கொப்பி எடுக்க நின்ற நுவன்
எட்டிப் பார்த்து
எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தான்.
தும்மல் மாதிரி இருந்தது.
திரும்ப வாசித்தான், இம்முறை சந்தேகத்தோடு.

அழிக்கப் போன என் கையை
அக்கா பிடித்துக்கொண்டார்.
'இருக்கட்டும் புள்ள,
அதையும் சேத்துப் போடு.'