இரண்டாவது பொட்டலம்

உலு பிஞ்சாய் எண்ணெய் ஆலையில்
எனக்கு ஆய்வுக்கூட வேலை.
குடுவையில் சூடான செம்பனை எண்ணெய்,
மேலிருந்து சொட்டுச் சொட்டாய்க் காரம்.
நிறம் மாறி முப்பது நொடி நின்றால் எழுதுவேன்.
நிற்காவிட்டால் இன்னொரு சொட்டு.
பதினெட்டு வருஷமாய் என் சாமி
அந்த முப்பது நொடிதான்.

கணக்கு சுத்தமாய் எழுதுகிறவன் என்று
முனியாண்டி கோயிலுக்கும் என்னையே பொருளாளர் ஆக்கினார்கள்.
கும்பிடாதவன் கையில்தான்
உண்டியல் சாவி பத்திரம் என்றார் தலைவர் அப்பலசாமி.
சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மார்ச்சில் கடுதாசி வந்தது.
தோட்டம் கைமாறிவிட்டது. மரம் சாயும், வீடு வரும்.
கோயிலுக்குப் பட்டா கிடையாது.
பெரிய ரோட்டோரம் நாற்பதுக்கு அறுபது அடி தருகிறார்கள்,
மாதக் கடைசிக்குள் கையெழுத்து,
தவறினால் அதுவும் இல்லை.

மருந்தடிக்கும் பவளக்கொடி
புல்டோசருக்கு முன்னால் படுத்துக்கொள்வேன் என்றாள்.
'எம் மவனுக்கு வலிப்பு நின்னது அந்த மரத்தடியில.
வரேன்னு அவரு வாயால சொல்லட்டும்,
நானே தலையில தூக்கிட்டு வரேன்.'

வலிப்பு நின்றது மாத்திரையில்.
மாதாமாதம் டவுன் ஆஸ்பத்திரியில் வரிசை நின்று
வாங்கி வந்தவன் நான்.
ஆனால் அவள் அதைத் திருநீற்றில் தொட்டுத்தான்
பையன் நாக்கில் வைப்பாள், ஒருநாள் தவறாமல்.
எதைக் கழித்துவிட்டு எதைச் சோதிப்பது?
வாயை மூடிக்கொண்டேன்.

பூக்கட்டிப் பார்ப்பதென்று முடிவானது.
வெள்ளை வந்தால் கிளம்புவார்,
சிவப்பு வந்தால் அசைய மாட்டார்.
பொட்டலம் யார் மடிப்பது என்று சண்டை.
பவளக்கொடிதான் என்னைக் காட்டினாள்:
'அவன் மடிக்கட்டும். சாமியே இல்லேங்கிறவன்,
அவனுக்கு எதுக்குப் பொய்?'

வியாழன் இரவு. ஜெனரேட்டர் இரைச்சல்.
கோயிலுக்குப் பின்னால், உர மூட்டைமேல்
இரண்டு வாழையிலைத் துண்டு.
ஒன்றில் நந்தியாவட்டை.
மற்றதிலும் நந்தியாவட்டை.
செவ்வரளி என் சட்டைப்பைக்குள்.
கை நடுங்கவில்லை.
இதைப் பெருமையாகவா சொல்கிறேன், தெரியவில்லை.

ஒரு கையில் பிஸ்கட்டோடு வந்த நிஷாலினி
மறு கையால் ஒன்றை எடுத்தாள்.
பூசாரி பிரித்தார். வெள்ளை.
பவளக்கொடி ஒரு சத்தம் போட்டாள்,
மனுஷச் சத்தம் மாதிரி இல்லை.
பிறகு எழுந்து, முகம் கழுவி,
சூலத்தைப் பிடுங்கித் தலையில் வைத்து
செம்மண் பாதையில் வெறுங்காலோடு நடந்தாள்,
மூன்று மைல்.
நான் லோரியில் செங்கலோடு பின்னால் போனேன்.

அன்றிரவு சட்டையைக் கழற்றி அரளியைத் தேடினேன்.
இல்லை.
பையில் ஓட்டை இருக்கிறது. அது பழைய ஓட்டை.
அது போதும், காரணம் அதுதான்.

இரண்டாவது பொட்டலம்
ஆய்வுக்கூட மேசை இழுப்பறையில்.
நூலை அவிழ்த்தால் ஒரு நொடி வேலை.
திறந்து பார்ப்பதற்குத்தானே எனக்குச் சம்பளம்.
மூன்று வருஷம்.
உள்ளே எதுவானாலும் இந்நேரம் பழுப்புப் பொடி;
சிவப்பா வெள்ளையா என்று
எந்தக் காரமும் சொல்லாது.
இது எனக்குத் தெரியும்.
தெரிந்துதான் காத்திருந்தேனா?

நேற்று ஷிப்ட் முடிந்து வந்தால்
கேட்டருகே பவளக்கொடி, மருந்து வாடையோடு.
மகனுக்குப் பெண் அமைகிறதாம்.
சாமியிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும்.
'நீதாம்ப்பா மடிக்கணும். வேற யாரையும் நம்ப மாட்டேன்.'
சரி என்றேனா, தலையை மட்டும் ஆட்டினேனா,
நினைவில்லை.

வருகிற வியாழன்.
பூ இரண்டும் அவளே பறித்து வருகிறாளாம்.