பங்கு போடாதது

வீட்டைப் பங்கு போட்டார்கள்.
லாரியை, படகை,
உறைபெட்டியில் கிடந்த மான்கறியைக்கூட
பவுண்டுக் கணக்கில்.
நாய் எனக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்கு.
மணிக்கு முந்நூறு டாலர் வாங்கிய துலூத் வக்கீல்
மறந்துபோனது ஒன்றுதான்:
கசினோ கார்டில்
பத்தொன்பது வருடமாய்ச் சேர்ந்த புள்ளிகள்.

நவம்பர் கடைசியில் வந்தது கடிதம்.
வழவழத் தாள். ஒரே வரியில் இரண்டு பெயர்.
ஆர்டன், மார்லிஸ்,
உங்கள் வழக்கமான அறை,
கிறிஸ்துமஸ் கழிந்து மூன்று இரவுகள், இலவசம்,
இருவரும் நேரில் வந்து கையெழுத்திட்டால்.

போனில் படித்துக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும்.
பிறகு, "சனிக்கிழமை அந்த மாட்டு விலா உண்டா?"
"உண்டு."
"வீணாகக் கூடாது, பார்."
கறியைத்தான் சொல்கிறான் என்று
நானும் எடுத்துக்கொண்டேன்.

அவன் லாரியில் என் பக்கத்து ஹீட்டர் வேலை செய்யாது.
என்றைக்குமே செய்ததில்லை.
மடித்த போர்வை ஒன்று இருக்கையில் இருந்தது.
தொண்ணூறு மைல், பேச்சில்லை.
உறைந்த ஏரிகளின் மேல் மீன்பிடிக் குடில்கள்,
ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு புகை,
உள்ளே யாரோ
ஒரு துளையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள்.

கதவில் ஓஜிப்வே மொழியில் வரவேற்பு.
மேஜைக்குப் பின்னால் டானெட்,
வழக்கமான சிவப்புக் கம்மல்.
"என் பிரியமான ஜோடி வந்தாச்சு!"
நாங்கள் திருத்தவில்லை.
ஆர்டன் மிட்டாய்க் கிண்ணத்தைத் தீவிரமாக ஆராய்ந்தான்.
"இந்த முறை இரண்டு கட்டில் கிடைக்குமா?" என்றேன்.
"குறட்டையா?"
"ஆமாம்."
அது பொய்யுமில்லை.

ஆளுக்கு இருநூறு டாலர், ஆளுக்கொரு உறை.
பழைய சட்டம், ரத்தாகவில்லை.
அந்தக் காலத்தில் காசுகள் கொட்டும்,
விரல் நுனியெல்லாம் கறுத்துப்போகும்,
சாப்பிடுமுன் என் கையைப் பிடித்து அவனே துடைப்பான்.
இப்போது ஒரு சீட்டு. ஓசையே இல்லை.
எருமைகள் ஓடும் மிஷினில் நூற்று அறுபது போனது.
சுற்றிலும் விட்டதைப் பிடிக்க உட்கார்ந்தவர்கள்,
ஆக்சிஜன் குழாயோடு ஒரு பெண்மணி,
கலைமான் கொம்புத் தொப்பியோடு ஒரு மாப்பிள்ளைப் பையன்.
கேட்காமலே காபி வந்தது,
இரண்டு கிரீம், அரைச் சர்க்கரை.
வைத்துவிட்டுத் தன் மிஷினுக்குப் போய்விட்டான்.

கடைசி நாற்பதில் எருமைகள் நின்றன.
நின்றவை எல்லாம் பொன்னாயின.
தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு டாலர்.
கூச்சலிட்டுவிட்டேன் போலிருக்கிறது, ஓடி வந்தான்.
கார்டு அவன் பெயரில்.
பணம் என் உறையிலிருந்து.
அழுத்திய விரல் என்னுடையது.
திரையை ஒரு முறை பார்த்தான், என்னை ஒரு முறை.
"வக்கீலைக் கூப்பிடலாமா?" என்றான்.

சிரித்தோம்.
காபி தளும்பி மடியில் கொட்டும்வரை,
அந்த ஆக்சிஜன் பெண்மணி திரும்பி முறைக்கும்வரை.
எப்போது சிரித்தோம் இப்படிக் கடைசியாக?
அவன் அம்மாவின் இறுதிச் சடங்கில் என்று நினைக்கிறேன்.
அது வேறு கதை.

விலாக்கறி தீய்ந்திருந்தது.

இரவில் குறட்டை.
நடுவில் ஒரு சின்ன மேஜை, விளக்கு, அவனுடைய பல்செட்டு.
குறட்டை நின்றதும் நான் விழித்துக்கொண்டேன்.
திரும்பத் தொடங்கும்வரை
எண்ணிக்கொண்டே கிடந்தேன்.

திங்கள் காலை டானெட் சொன்னாள்,
"இன்னும் ஆறாயிரத்துச் சொச்சம் புள்ளி இருக்கிறது."
ஆர்டன் என்னைப் பார்த்தான்.
நான் மிட்டாய்க் கிண்ணத்தைப் பார்த்தேன்.

வழியில் நூறு டாலரை நீட்டினேன்:
"அந்த ஹீட்டரைச் சரி பண்ணு."
"அந்தப் பக்கம் யார் உட்காரப்போகிறார்கள்?"
கேட்டுவிட்டு, உடனே வைப்பரைப் போட்டான்.
கண்ணாடியில் பனியே இல்லை.

வீட்டு முன் இறக்கிவிட்டான். எஞ்சினை அணைக்கவில்லை.
பக்கத்து வீட்டு முற்றத்திலிருந்து
வேலி தாண்டி வந்தது நாய்.
என்னைக் கடந்து, லாரிக்குள் தாவி,
என் சூடு இன்னும் ஆறாத போர்வையில்
உட்கார்ந்துகொண்டது.
இன்று ஞாயிறு இல்லை என்று
அதற்கு யார் சொல்வது?
நான் சொல்லவில்லை.