நடுவட்டம், அலமாரி எண் ஒன்பது

பூட்டு மட்டும் புதிது.
உள்ளே, ரைக் கதிரில் மணி இருக்கவேண்டிய இடத்தில்
விளைந்த கறுப்புக் கொம்புகள்.
தூரத்தில் பார்த்தால் எலிப்புழுக்கை,
கிட்டத்தில் பார்த்தாலும் எலிப்புழுக்கைதான்.
ஊசிப் பலகையால் கதிருக்குக் கதிர் நோய் குத்திய
கெப்பியும் லில்லிபாயும் ஓய்வு பெற்றாயிற்று.
வயலில் இப்போது தேயிலை.
மிச்சமிருக்கும் நூற்றுப்பதினாறு குப்பிகளுக்கும்
பெயர் எழுதி, குடும்பம் பிரித்து,
மார்ச் முப்பத்தொன்றுக்குள் கணக்கு முடிக்க
என்னை அனுப்பியிருக்கிறார்கள்.

முதல் தட்டு கிளாவின்கள்.
அமிலம் ஏறாத கிளை.
எங்கள் சங்கரன்கோவில் பக்கம்
மழை பிடித்த கம்புக் கதிரில் தேன் ஒழுகுமே,
அந்த மாவைத் தின்ற வீட்டில்
ஆளாளுக்கு வாந்தி எடுத்துத் தூங்கிவழிவார்களே,
அந்த வகையறா.

இரண்டாம் தட்டில் லைசர்ஜிக் அமிலத்தின் சின்ன அமைடுகள்.
மூன்றில் பெப்டைடு வால் கட்டிய பெரிய வீட்டுக்காரர்கள்.
தலை எல்லாருக்கும் ஒன்று,
நான்கு வளையம், அசப்பில் ஒரே சாடை.
கொண்ட சம்பந்தம்தான் வேறு.

இங்கேதான் கை நின்றது.
எர்கோமெட்ரின் என்கிறது ஒரு குப்பி.
எர்கோனோவின் என்கிறது பக்கத்துக் குப்பி.
எர்கோபேசின், இன்னொன்று.
ஒரே சமயத்தில் ஆளுக்கொரு ஊரில்
ஆளுக்கொரு பெயர் வைத்த ஒரே பிள்ளை.
கூடலூர் ஆஸ்பத்திரியில்
சின்னவள் பிறந்த ராத்திரி
ரத்தம் நிற்காமல் போனபோது
நர்ஸ் குத்தியது இதைத்தான்.
எந்தப் பெயரில் என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

கீழே எர்கோடாக்சின்.
முப்பது வருஷத்துக்கு மேல் ஒற்றை ஆளாய் நடமாடியது.
பிரித்துப் பார்த்தால் உள்ளே மூன்று பேர்.
ஒருவன் பெயரில் 'ஒளிந்திருந்தவன்' என்றே இருக்கிறது.
ரேஷன் கார்டில் நாங்களும் அப்படித்தான்:
மாமியார் பெயர், அடுத்து
'மற்றும் மூவர்'.

'இன்' என்று முடிந்தால் வேலை செய்யும்.
'இனின்' என்று முடிந்தால் அதே அணுக்கள்,
எட்டாம் இடத்தில் ஒரு கை திரும்பியிருக்கும், அவ்வளவுதான்,
செய்யாது.
கரைசலில் கிடந்தால் குப்பிக்குள்ளேயே திரும்பிக்கொள்ளும்.
ஆக, நான் எழுதும் லேபிள்
மை காய்வதற்குள் பாதிப் பொய்.
பைக்காரா பக்கமிருந்து பனி ஏறுகிறது.

பதினோரு மணிக்கு ஜீப்.
போதைத் தடுப்புப் பிரிவு, தணிகாசலம்.
"இதுல கனவு காட்டுறது எது?"
அது இங்கே இல்லை சார்.
இந்த வீட்டு அமிலத்துக்கு
ஆய்வுக்கூடத்தில் செய்துவைத்த சம்பந்தம் அது.
"அப்போ சொந்தக்காரன்."
சொந்தம்தான்.
"மொத்தத்தையும் ஒரே வகையில எழுதிடு."

ஜன்னலுக்கு வெளியே வேலி நெடுக
யாரும் நடாத கொடி, நீலப் பூ.
அதன் ஒன்றுவிட்ட சகோதரிகள் சிலரின் விதையிலும்
இதே அமைடு உண்டு சார், வேலியையும் எழுதட்டுமா?
"பூசணத்துக்கும் பூவுக்கும் என்னம்மா உறவு?"
பூவுக்குள்ளும் ஒரு பூசணம் குடியிருக்கிறதாம் என்றேன்.
அவர் பூவைப் பார்த்தார். டீ கேட்டார்.

பதிவேட்டில் எழுதினேன்:
எர்கோமெட்ரின் என்கிற எர்கோனோவின் என்கிற எர்கோபேசின்.
எட்டிப் பார்த்துச் சிரித்தார்,
"அக்யூஸ்டுக்குத்தான் நாங்க இப்படி எழுதுவோம்."

அறுபத்தொன்றாம் குப்பியில் லேபிள் உதிர்ந்துவிட்டது.
அடியில் கொஞ்சம் பழுப்பு.
முகர்ந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை.
வெளிச்சம் படாமல்
பின்வரிசையில் வைத்தேன்.